நாற்பது வீட்டுக்கு ஒரு பந்தல்

என் பெட்டியைத் திறந்த சுங்கத்துறைப் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இழுக்க இழுக்கத் துணி வந்துகொண்டே இருந்தது. சிவப்பு ஜாலர், மஞ்சள் ஜாலர், பச்சை ஜாலர், நடுவில் தைக்கிற தாமரை வட்டம். என் வேட்டியும் சட்டையும் அடியில் நசுங்கிக் கிடந்தன. பக்கத்து மேசையில் இருந்த தமிழ் ஊழியரைக் கூப்பிட்டு, என்ன வியாபாரம் என்று கேட்கச் சொன்னாள்.

"வியாபாரம் இல்ல. பந்தல்" என்றேன்.

"பந்தல் போடவா இந்தியாவுலேருந்து வந்தீங்க?" அவருக்குச் சிரிப்பு.

"ஆமா. எங்க தாலுகாவுல பந்தல் போட விமானம் ஏறுன மொத ஆளு நான்தான்" என்றேன். இன்றுவரை இரண்டாவது ஆள் கிடையாது.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மணப்பாறைச் சந்தையில் அடுத்தவன் பந்தலுக்குக் குழி தோண்டித் தொழிலுக்கு வந்தவன். இன்றைக்கு எங்கள் பக்கம் எந்தப் பெரிய ஆள் கூட்டம் போட்டாலும் என் கட்டைதான் நிற்கும். புயல் அடித்த வருடம் ஊரில் இருந்த பந்தல் எல்லாம் வயலுக்குப் போனது, என்னுடையது நின்றது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. எழுதிப் பழக்கம் இல்லாவிட்டாலும் பார்த்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வரும்.

மலாய் நாட்டு ஜொகூர் மாநிலத்தில் ரெங்கம் என்ற சின்ன டவுனுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. அங்கேதான் என் தங்கை அன்னக்கொடியைக் கட்டிக்கொடுத்தோம். அவள் புருஷன் மாணிக்கம் ஆளும் கட்சியின் கிளைத் தலைவர். தோட்டத்தை விற்ற பிறகும் பழைய லயத்தில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், நாற்பது குடும்பம் தங்கிவிட்டது. வீடு அவர்களுடையது, வீடு நிற்கிற நிலத்துக்குப் பட்டா இல்லை. அந்தப் பட்டாவுக்காக மாப்பிள்ளை ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறார். மாநிலத் தேர்தல் முடிந்த சனிக்கிழமை பட்டா கொடுக்கும் விழா என்று அவர் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் நாளும் குறித்துவிட்டாராம். "மச்சான், இரும்புக் கூடாரம் வேணாம் லா. நம்ம ஊருப் பந்தல் வேணும். நீங்களே வந்து போடணும்" என்று போனில் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்பினேன்.

ரயிலில் நன்றாகத் தூங்கிவிட்டேன். ரெங்கம் தாண்டி, குளுவாங்கில் ஒருவர் தோளைத் தட்டியபோதுதான் விழித்தேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. அந்த ஸ்டேஷன் காபிக்கடையில் ரொட்டியை நெருப்பில் வாட்டி, தேங்காய்ப்பாலில் கிண்டிய ஜாமைத் தடவி, நடுவில் வெண்ணெயைத் துண்டாகவே வைத்துத் தருகிறார்கள். காபி கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஒரு வாய் குடித்ததும் நாலு நாள் தூக்கம் போய்விட்டது. மூன்று தட்டு சாப்பிட்டேன். என்னைத் தேடிக் காரில் வந்த மாப்பிள்ளைக்கும் ஒரு தட்டு சொன்னேன்.

அடுத்த மேசையில் ஒரு மலாய்ப் பெரியவர் தன் கூட்டாளியிடம் எதையோ இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எனக்குச் சொன்னார். "என் அப்பா ஆளுங்கட்சிக்குத்தான் போட்டாரு. நானும் அவங்களுக்குத்தான் போட்டேன். என் மகன் சிங்கப்பூர்லேருந்து வரான், சேர்ந்து போய் ஓட்டுப் போடப் போறோம். யாருக்குன்னு அவன் சொல்லல. நானும் அவன்கிட்ட சொல்லல" என்றாராம்.

"என்ன மாப்பிள்ளை இப்படிப் பேசுறாரு?"

"டவுனு பேச்சு மச்சான். தோட்டத்துல வந்து பாருங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். லயத்துக்கு நடுவில் பந்து விளையாடுகிற திடல்தான் இடம். ரெங்கம் டவுனில் தவுக்கே என்கிற சீன முதலாளியின் கடைக்குப் போய்க் கயிறு கேட்டபோது, அவர் நல்ல தமிழில், "எந்தக் கயிறு? மாடு கட்டவா, மனுசன் கட்டவா?" என்றார். தோட்டத்து ஆட்களுக்குச் சாமான் விற்றே கற்றுக்கொண்ட தமிழாம். பந்தலுக்கு என்றதும் இரும்புக் கூடாரத்தின் படத்தைக் காட்டினார். நாலு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் நின்றுவிடுமாம். அரை மணி நேரத்தில் நிற்பதை நான் பந்தல் என்று சொல்வதில்லை. மூங்கிலுக்குப் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தை அப்படித்தான் சொல்கிறார்கள், ஒரு மலாய்க்காரரைப் பிடித்தோம். மூங்கில் எங்கள் ஊர் மூங்கிலைவிடப் பருமன், ஆனால் கணு இளசு. தட்டிப் பார்த்து, பாதியை வேண்டாம் என்று ஒதுக்கினேன். அவர் கோபிக்கவில்லை, ஒதுக்கியதை மறுபடி தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தேர்தல் நடக்கிற ஊர் மாதிரியே இல்லை. எங்கள் பக்கம் என்றால் இந்நேரம் ஒலிபெருக்கியில் காது செத்திருக்கும். இங்கே கொடி மட்டும்தான் பேசுகிறது. பனைமரம், மின்கம்பம், பாலம், கொடி கட்டாத இடம் இல்லை. ஆட்கள் வாயைத் திறப்பதில்லை. சந்தையில் மீன் வாங்குகிறபோது மட்டும் மெதுவாகப் பேசுகிறார்கள்.

மாப்பிள்ளை சாயங்காலம் தன் வேலையைக் காட்டினார். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிறம். நம்ம ஆள் என்றால் வெள்ளை. எதிர்க்கட்சி என்றால் கறுப்பு. இரண்டும் கெட்டான் என்றால் சாம்பல். இந்த நாட்டில் எல்லாக் கட்சிக்காரர்களும் இப்படித்தான் பிரிப்பார்களாம். அதோடு, ஓட்டுச்சாவடியில் வயதுப்படி அறை பிரிக்கிறார்கள். மூத்தவர்கள் முதல் அறை, இளசுகள் கடைசி அறை. ஒவ்வொரு அறையையும் தனியாக எண்ணிக் காகிதத்தில் எழுதிவிடுவார்கள். எந்த வயசுக்காரன் யாருக்குப் போட்டான் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"மொத ரூமு நம்ம கோட்டை மச்சான். பாருங்க, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நான் வேன்ல ஏத்திட்டுப் போற கெழவன் கெழவிங்க. முப்பது வருசமா ஒரு ஓட்டு மாறல."

சுவரோரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அன்னக்கொடி தலையைத் தூக்காமல் கேட்டாள். "என்னை என்ன கலர்ல போட்டீங்க?"

"உன்னையா? வெள்ளைதான். கேக்கணுமா?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இத்தனை வருடமும் அவளிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஓட்டுப் போட முடியாது. நீல அட்டை கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அறுபது வயதைத் தாண்டிய என் தங்கை முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிறாள்.

தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் தோட்டத்து மண்டபத்தில் ஆளும் கட்சிக் கூட்டம். பிரியாணி, ஆட்டுக்கறி, அன்னாசிப்பழப் பச்சடி. பச்சடியில் மிளகாயும் வெல்லமும் சண்டை போடாமல் இருந்தன, அதை மட்டும் இரண்டு தடவை வாங்கினேன். நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. நாற்காலியைப் பார்த்து முடிவைச் சொல்வது என் பழக்கம். எங்கள் பக்கம் வேட்பாளர்களே என்னிடம் வந்து கேட்பார்கள். கூட்டம் நடக்கிறபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருகிறானா, பின்னால் தள்ளுகிறானா என்று பார்த்தால் போதும். இங்கே எல்லோரும் இழுத்துப் போட்டிருந்தார்கள். "மாப்பிள்ளை, எழுதி வச்சுக்குங்க, உங்க கட்சிதான்" என்றேன். சாப்பாட்டு மேசைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்த விஷயத்தில் என் கணிப்பு தப்பியது வாழ்நாளில் இரண்டே தடவை. அதில் ஒன்று இது.

ஓட்டுப் போடுகிற புதன்கிழமை விடியற்காலை மழை. மாப்பிள்ளை வேனை எடுத்தார். நான் வெளிநாட்டுக்காரன், கட்சிச் சட்டை போடக்கூடாது, கட்சி வேலை பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டையோடு முன் சீட்டில் உட்கார்ந்து, கிழவிகள் ஏறும்போது கை மட்டும் கொடுத்தேன். ஒவ்வொருவரும் ஏற ஏற, பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராக மாப்பிள்ளை கோடு போட்டார். வண்டி ஏறிய ஓட்டு நம்ம ஓட்டு என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் எண்ணுவோம்.

மூன்றாவது நடையில் லெட்சுமியாயி ஏறினாள். எண்பது வயது. இது ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது பால் வெட்டிய காலத்து ஆள். என்னைப் பார்த்து, "இதாரு, இந்தியாவுலேருந்து வந்த பந்தக்காரரா? வாங்க, எனக்கும் ஒரு பந்தல் போட வேண்டி வரும், அளவெடுத்துக்குங்க" என்றாள். வண்டி முழுக்கச் சிரிப்பு.

சடக்கு என்கிற தோட்டத்து மண்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் உழுது வைத்த சேறு. வளைவில் வேன் வழுக்கி, பின்சக்கரம் லோங்காங்கில் இறங்கிவிட்டது. லோங்காங் என்றால் சாக்கடை வாய்க்கால். மாப்பிள்ளை எவ்வளவு முறுக்கியும் சேறுதான் பறந்தது. நான் இறங்கி, மட்டையை எங்கே செருகவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் வந்து நின்றது. உள்ளே கணேசன். அதே லயத்தில் பிறந்தவன், லாரி ஓட்டுகிறான், எதிர்க்கட்சிக்காரன். மாப்பிள்ளை பட்டியலில் கறுப்பிலும் கறுப்பு.

"தலைவரே, கயிறு இருக்கா?"

மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தார். "வேணாம். லாரி வரும்."

"லாரி இன்னைக்கு லீவு தலைவரே. கெழவிங்கள மத்தியானம் வரைக்கும் காட்டுலயா வைக்கப் போறீங்க?"

நான்தான் கயிற்றைக் கொடுத்தேன். பந்தலுக்கு வாங்கிய கயிறு. முடிச்சும் நானே போட்டேன், அதனால்தான் அவிழவில்லை. பிக்கப் இழுக்க, வேன் உறுமிக்கொண்டு மேலே வந்தது. உள்ளேயிருந்து லெட்சுமியாயியின் குரல்: "ஏத்துறது தலைவரு, இழுக்குறது கணேசன். நாங்க என்ன செய்ய, ஆளுக்குப் பாதி போட்டுட்டு வரோம்."

மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அவள் பெயருக்கு நேராகக் கோடு போட்டார்.

கடைசி நடையில் அன்னக்கொடி வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ஓட்டுச்சாவடியான தமிழ்ப்பள்ளிக்கூடத்துக்குள் போனவள் கால் மணி நேரத்தில் இடது ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டிக்கொண்டு வந்தாள். மை காயட்டும் என்று பார்த்தால், அது எப்போதோ காய்ந்திருந்தது. வீடு வரும்வரை விரலை மடக்கவில்லை.

சின்னச் சாவடி என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே எண்ணி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை கட்சி முகவராக உள்ளே இருந்தார். வேலிக்கு வெளியே நான் காத்திருந்தேன். காகிதத்தோடு வந்தவர் என்னிடம் வராமல் பள்ளிக்கூடக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். பிறகும் குழாயை மூடவில்லை. நான் போய் மூடினேன்.

"கடைசி ரூமு போச்சு. அது தெரிஞ்சதுதான்" என்றார். "மொத ரூமும் போச்சு மச்சான்."

"நம்ம கோட்டைன்னீங்க."

"சாம்பல் எல்லாம் போச்சு. வெள்ளையில பாதிக்கு மேல காணோம்."

"வண்டியில ஏறுனவங்க?"

"வண்டியில ஏறுனாங்க. அவ்ளோதான்."

ஒன்பது மணிக்கு மேல் நான் விழித்திருப்பதில்லை. அது எந்த நாடாக இருந்தாலும் சரி. காலையில் எழுந்து வந்தபோது தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாநிலத்தில் சுதந்திரம் வந்த நாளிலிருந்து தோற்காத கட்சி பெரும்பான்மையை இழந்துவிட்டது. ஆளும் கட்சி பிறந்ததே ஜொகூரில்தான் என்பார்களாம். தெருவில் வெடியில்லை, ஊர்வலமில்லை. கம்பத்துப் பக்கமிருந்து காலை நேரத்தில் வருகிற நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்று வண்டி வழக்கம்போல் மணியடித்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் ஒரு வார்டு தேர்தல் முடிந்தாலே இதைவிட அமளியாக இருக்கும்.

மாப்பிள்ளை நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். எதிரே பட்டியல். ஒவ்வொரு வெள்ளையாகத் தொட்டு, "இவன் மாத்திருப்பானா? இவ மாத்திருப்பாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்னக்கொடி தேநீரை வைத்தாள். "தேடாதீங்க. ஒண்ணு நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீயா?"

"வெள்ளைன்னு போட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா?"

"உனக்கு நீலக் கார்டு வாங்கிக் குடுத்தது யாரு?"

"நான்தான். கவுண்டர் கவுண்டரா நின்னது நான். உங்க ஆளு ஒரு தடவ போட்டோ எடுக்க வந்தாரு." அவள் குரல் ஏறவேயில்லை. "எத்தன தேர்தலா அந்த ஃபைல தூக்கிட்டுப் போறீங்க. ஒவ்வொரு தடவையும் தேர்தலுக்கு அப்புறம்னுதான் சொன்னாங்க. வேற ஆளு வந்து உக்காந்தா என்னதான் ஆகும்னு பாப்போம்னு போட்டேன்."

மாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டினார். வாசலில் நின்றிருந்த அக்கம்பக்கத்தாரிடம், "பட்டா கையெழுத்துப் போட்டு ரெடியா இருந்துச்சு. மூணு நாள் பொறுக்கல உங்களுக்கு. மாத்திப் போட்டீங்க, போச்சு. இனிமே என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "மச்சான், கார்ல ஏறுங்க. அந்தப் பட்டா லெட்டர்களையாச்சும் வாங்கிட்டு வந்துருவோம்."

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் அவர் இல்லை. போன் எடுக்கவில்லை. ரோஸ் என்கிற எழுத்தர் அம்மாள் மட்டும் தனியாக அட்டைப் பெட்டிகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, நாற்காலி போட்டு, அவருக்கும் எனக்கும் கறுப்புக் காபி கலந்து கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். மாப்பிள்ளையின் ஃபைல்தான். நூல் கட்டு அவருடைய கட்டு.

"பட்டா லெட்டர் எங்கே?" என்று மாப்பிள்ளை மலாயில் கேட்டார்.

அந்த அம்மாள் மெதுவாகப் பேசினார். மாப்பிள்ளை எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"லெட்டரே இல்லையாம் மச்சான். விழாவுக்குப் பேனர் மட்டும் அடிச்சிருக்காங்க. இந்த ஃபைலு நில ஆபீசுக்குப் போகவே இல்ல. போயிருந்தா மேல ஒரு நம்பர் போட்டிருப்பாங்களாம். 'நம்பர் இல்ல, பாருங்க, எனக்கு வெக்கமா இருக்கு'ன்னு அந்தம்மா சொல்லுது."

ஃபைலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருடத்துக் காகிதம். நாற்பது வீட்டுத் தண்ணீர் ரசீது, கரண்டு ரசீது, பிறப்புப் பத்திரம், ஒவ்வொரு வருடமும் இவர் எழுதிய மனு. பந்தல்காரன் கண்ணுக்குச் சொல்கிறேன், அவ்வளவு நேர்த்தியான அடுக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்தினார். "மச்சான், இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மாத்திப் போட்டதால போச்சுன்னு சொல்லிட்டேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அவளுக்கும் சொல்லாதீங்க."

வாய் திறக்காமல் நான் இருந்த இடங்கள் குறைவு. அது ஒன்று.

வெள்ளிக்கிழமை ஜொகூரில் சர்க்கார் விடுமுறை. வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்துவிடுவார்கள். எனக்கு அது பழகவேயில்லை. பந்தலைப் பிரிக்கச் சொல்லி மாப்பிள்ளை ஆள் அனுப்பினார். அன்னக்கொடி அதே ஆளிடம், "அண்ணனப் போடச் சொல்லு. நாப்பது வீட்டுக்கும் சோறு சொல்லியாச்சு. பட்டா இல்லன்னா என்ன, சாப்புட்டுப் போகட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். நான் தங்கச்சி பேச்சைத்தான் கேட்பேன். கட்டைகளை இழுத்துக் கட்டி, மேல்துணி விரித்தேன்.

சாயங்காலம் லெட்சுமியாயி குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள்.

"தலைவரே, ஒண்ணு கேக்கணும்."

மாப்பிள்ளை வெளியே வந்தார்.

"நான் அவனுக்குத்தான் போட்டேன். உங்க வண்டியில வந்து அவனுக்குப் போட்டேன். பேரன் சொன்னான், போட்டுட்டேன். நான் இன்னைக்கோ நாளைக்கோ போயிருவேன், எனக்குப் பட்டா எதுக்கு. ஆனா நாப்பது வீட்டுக்கும் நான்தான் கெடுத்துட்டேனா? அத மட்டும் சொல்லிருங்க. ரெண்டு நாளா சோறு எறங்கல."

மாப்பிள்ளை ஒரு படி இறங்கினார். "போய்ப் படுங்க ஆயா. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். அவள் போகிற வரைக்கும் அங்கேயே நின்றார். குச்சிச் சத்தம் லயத்துக் கடைசி வீடுவரை கேட்டது.

சனிக்கிழமை என் பந்தல் எப்படி இருந்தது என்று நானே சொல்லக்கூடாது. டவுனிலிருந்து சீனத் தவுக்கே பார்க்க வந்தார். தன் இரும்புக் கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூங்கில் கொடுத்த மலாய்க்காரர் குடும்பத்தோடு வந்து, ஜாலரைத் தொட்டுப் பார்த்து, தன் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கேட்டார். வீசா இருக்காது என்றேன்.

நாற்பது வீடும் வந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கணேசன் வெளியிலேயே, வெயிலில் நின்றான். மேடையில் மாப்பிள்ளைக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஃபைலோடு வந்தார். மேடைக்கு ஏறாமல் கீழே, முதல் வரிசைக்கு முன்னால் நின்றார்.

"கணேசா, உள்ள வா" என்றார் முதலில். அவன் வந்தான்.

"நான் வியாழக்கெழம ஒரு வார்த்த சொன்னேன். நீங்க மாத்திப் போட்டதால பட்டா போச்சுன்னேன். அது பொய்." ஃபைலைத் தூக்கிப் பிடித்தார். "இது எங்கயும் போகல. நம்பர்கூட விழல. நான் குடுத்தேன், அவங்க வாங்கி அலமாரில வச்சாங்க. போய்ச் சேந்துச்சான்னு கேட்டுருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு தடவகூட நான் நில ஆபீசுக்குப் போய்க் கேக்கல. பெரிய ஆளுங்ககிட்ட குடுத்தா முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். உங்க ஓட்டு எதையும் கெடுக்கல. ஜெயிச்சிருந்தாலும் இன்னைக்கு இங்க பட்டா கெடையாது."

பின்வரிசையில் ஒருவன், "இருவது வருசம்" என்று மட்டும் சொன்னான். இன்னொருவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். மாப்பிள்ளை அவனைக் கூப்பிடவில்லை. அன்னக்கொடியைப் பார்த்தேன். அவளுக்கும் இது புதுச்செய்தி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெட்சுமியாயிதான் பேசினாள். "அப்ப நான் கெடுக்கல?"

"இல்ல ஆயா."

"முந்தாநேத்தே சொல்லிருக்கலாம்ல? ரெண்டு நாளு பட்டினி போட்டுட்டியே என்னை." அவள் அவரை முதல் தடவையாக ஒருமையில் பேசியது எல்லோருக்கும் கேட்டது. "சோத்தப் போடச் சொல்லு."

சாம்பாரும் கோழி வறுவலும் பரிமாறுகிறபோது கணேசன் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஜெயிச்சவங்கள நான் கேட்டேன் தலைவரே. ஒண்ணும் ப்ராமிஸ் பண்ண மாட்டோம்னாங்க. நேரா நில ஆபீஸ் கவுண்டர்ல போடுங்க, நாளைக்குத் தெறந்துருக்கும்னாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இத நானே செஞ்சிருக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

"செஞ்சிருக்கலாம்" என்றான் கணேசன், இன்னும் கொஞ்சம் கோழி எடுத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை குளுவாங் நில அலுவலகத்துக்கு வேனும் பிக்கப்பும் சேர்ந்து போயின. வீட்டுக்கு ஒருவர் என்றார் மாப்பிள்ளை, வந்தது அதற்கும் மேலே. எழுந்து போனவனும் வந்திருந்தான். இதுவரை எந்த ஆபீசுக்கும் பின்வாசல் வழியாக, காபி குடித்துக்கொண்டு போன மனிதர், வரிசைச் சீட்டு எடுத்துக்கொண்டு எல்லோரோடும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கவுண்டரில் இருந்த மலாய் இளைஞன் ஃபைலைப் புரட்டப் புரட்ட நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏதோ கேட்டான். மாப்பிள்ளை ஒரு காகிதத்தை எடுத்தார். இன்னொன்று கேட்டான். தேடாமலே எடுத்தார். எந்த வீட்டில் யார் எப்போது குடிவந்தார், யார் செத்தார், யார் பேரில் மாற வேண்டும், எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. அந்தக் கூட்டத்தில் வேறு ஒருவராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

முடிவில் அந்த இளைஞன் ஒரு படிவத்தை நகர்த்தினான். நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டுமாம், பொறுப்புக்கு. மாப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"யாரு பேரப் போடட்டும்?" என்று கேட்டார்.

அன்னக்கொடி முன்னால் போய்ப் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கேட்டீங்கல்ல," என்றாள். "எழுதுங்க."

அவர் தன் பெயரை எழுதினார். இளைஞன் முத்திரை குத்தி, ஃபைலின் மேல் ஒரு எண்ணை எழுதி, அதே எண்ணைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தான். எவ்வளவு நாளாகும், கிடைக்குமா கிடைக்காதா என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை அந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். லெட்சுமியாயிக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை படித்தார். பிறகு ஒவ்வொருவராக அதைத் தங்களுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். வாசல் தாண்டி, படி இறங்கி, வேன்வரை அந்த எண் கேட்டுக்கொண்டே வந்தது.